அது நான் இல்ல மாமா

எனக்குக் கதை கட்டத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக நான் எழுதியதெல்லாம் வேலை அறிக்கை மட்டும்தான். இன்ன பாதை, இன்ன வளைவு, விழுந்து கிடந்த மரம் இத்தனை, மாற்றிய போல்ட் இத்தனை. நேரத்தைக் குறித்துக்கொள்வது அதில் வந்த பழக்கம். அதனால் இதில் வரும் நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்தவை. நம்பாதவர்கள் யாராவது வந்தால் என் இடது முழங்காலைக் காட்டுகிறேன். பதினோரு தையல்.

எழுத வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். "எழுதினா திரும்ப நினைக்கணும். நினைச்சா திரும்ப காதுல கேக்கும்" என்றாள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தேன். எழுதாமல் இருந்தாலும் கேட்கத்தான் செய்கிறது.

நான் மலைநடைப் பாதைகளைப் பராமரிப்பவன். எங்கள் பக்கம் காடும் ஆழமான பள்ளத்தாக்கும் மணற்பாறையும் கலந்து கிடக்கும். காற்றும் மழையும் அரித்து அரித்து, பாறைகள் ஒன்று தூண் மாதிரி நிற்கும், ஒன்று குடை மாதிரி. சிலது யாரோ பாதி கடித்து வைத்த ரொட்டி மாதிரி. விடுமுறை நாளில் ஆயிரம் பேர் நடக்க வருவார்கள். அவர்கள் வழி தவறாமல் இருக்கப் பாறைகளில் நீலச் சதுரம் பூசி வைத்திருப்போம். உள்ளங்கை அளவு. கண் உயரத்தில். ஒரு சதுரத்தின் பக்கத்தில் நின்றால் அடுத்த சதுரம் தெரிய வேண்டும். "நீலத்தைப் பார்த்து நடங்க, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்" என்று வருகிறவர்களிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் ஒரு மாதம் பாதைகளை மூடிவிடுவோம். மங்கிப்போன நீலத்தையெல்லாம் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ஏழாம் பாதைக்கு என்னையும் என் மச்சினனையும் போட்டார்கள்.

அவன் என் மனைவியின் தம்பி. வீட்டில் சின்னவன் என்று கூப்பிட்டு அதுவே அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்தொன்று. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து என்னை வாய் நிறைய மாமா என்றுதான் கூப்பிடுவான். இது நடந்த சமயத்தில் கூப்பிடுவதில்லை. ஆறு வாரமாக ஒரு வார்த்தை கிடையாது.

காரணம் ஒரு இரும்பு ஏணி. மூன்றாம் பாதையில் இருப்பது. அதன் போல்ட்டுகளைப் போய்ப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு போல்ட் கையோடு வந்தது. நான்தான் குழுத் தலைவன். மேலே எழுதிக் கொடுத்தேன். அவனிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அப்போது அவனுக்கு ஓர் இடத்தில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. செய்தி பெண் வீட்டார் காதுக்குப் போயிற்று. பேச்சு நின்றது. அவனுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் ஒரே வீட்டில் இரண்டு அந்நியர்கள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்து மொட்டையாகக் கேட்பான். "சாவி எங்க." "வண்டி எடுக்கணும்." என் மனைவி நடுவில் கிடந்து தவித்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று எனக்கு ஐந்தாறு தடவை தோன்றியது. நான் செய்தது சரிதானே, எதற்குக் கேட்க வேண்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

அன்று காலை 9:05க்கு ஏழாம் பாதையின் வாசலில் சங்கிலியைக் கழற்றி உள்ளே போய்த் திரும்ப மாட்டினோம். வேறு யாரும் உள்ளே இல்லை. நான் முன்னால் போய்க் கம்பி பிரஷ்ஷால் பழைய பெயின்ட்டைச் சுரண்டுவேன். அவன் பின்னால் டப்பாவோடு வந்து புது நீலம் பூசுவான். இரண்டு பேருக்கும் நடுவில் நூறடி தூரம். பேச வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

1:20க்குச் சாப்பாடு. மனைவி வேண்டுமென்றே ஒரே டப்பாவில் இரண்டு பேருக்கும் வைத்திருந்தாள். அவன் தன் பங்கை மூடியில் எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"மழ வருமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வானத்தக் கேக்கணும்" என்றான்.

2:10க்குக் கழுத்துக்குள் நுழைந்தோம்.

கழுத்து என்பது நாங்கள் வைத்த பெயர். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு நீண்ட இடுக்கு. சுவர் நூறடி உயரம். அகலம் சில இடத்தில் ஓர் ஆள், சில இடத்தில் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். நண்பகலிலேயே உள்ளே சாயங்காலம் மாதிரி இருக்கும். தரையெல்லாம் மணல். நடுவில் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போவது பாதை. இடது பக்கம் குருட்டு இடுக்கு. அது வளைந்து வளைந்து போய்ச் செங்குத்தான மலைமுகத்தில் திடீரென்று திறக்கும். அதற்கப்பால் தரை கிடையாது. இருநூறடி பள்ளம். அதனால் இடது பக்கத்தை ஒரு மரத் தடுப்பு வைத்து அடைத்திருந்தோம். இடுப்பு உயரம். நான்கு போல்ட். நான் போட்டது.

கழுத்துக்குள் வயர்லெஸ் எடுக்காது. அதனால் விசில் வைத்திருப்போம். இரண்டு தடவை ஊதினால், இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம்.

எட்டுச் சதுரம் சுரண்டினேன். பின்னால் அவன் டப்பா பாறையில் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. டங்... டங்... அந்தச் சத்தத்துக்கு ஓர் எதிரொலி. கழுத்துக்குள் எந்தச் சத்தத்துக்கும் எதிரொலி உண்டு.

2:35. ஒன்பதாவது சதுரம்.

அது ஏற்கெனவே புதிதாகப் பூசியிருந்தது.

விரலால் தொட்டேன். நீலம் ஒட்டியது. ஈரம்.

அவன் எனக்குப் பின்னால் இருக்கிறான். பெயின்ட் டப்பா அவனிடம் இருக்கிறது. என்னைத் தாண்டிப் போக வழியே கிடையாது. ஏதோ வம்பு செய்கிறான் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"டேய், ஒன்பதாவது பூசிட்டியா?" என்று கத்தினேன்.

பின்னால் தூரத்திலிருந்து குரல் வந்தது. "மூணாவதுலதான் நிக்கிறேன். என்ன இப்ப?"

எரிச்சலான குரல். எதிரொலியோடு வந்தது.

அடுத்த சதுரத்தைப் பார்த்தேன். அதுவும் புதிது. ஆனால் கண் உயரத்தில் இல்லை. இடுப்பு உயரத்தில் இருந்தது. அதற்கடுத்தது முழங்கால் உயரத்தில். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். பிரஷ் கோடு எதுவும் இல்லை. கையால் தேய்த்த மாதிரி இருந்தது. நடக்க முடியாத ஒருவன் தரையோடு ஊர்ந்துகொண்டே பூசிப் போனால் எப்படி இருக்குமோ, அப்படி.

யாராவது திருட்டுத்தனமாக உள்ளே வந்திருக்க வேண்டும். பிடித்து நாலு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்று வேகமாக நடந்தேன்.

2:52.

"மாமா."

நின்றுவிட்டேன்.

பின்னால் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சின்னவன் குரல். பழைய குரல். ஆறு வாரத்துக்கு முன்னால் இருந்த குரல்.

"நீங்க முன்னாடி போங்க மாமா. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

எனக்குக் கண் கலங்கியது. இதைச் சொல்ல வெட்கமில்லை. "சரிப்பா" என்றேன். டா போட்டுக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவனுக்குக் கூச்சமாக இருக்குமே என்று திரும்பாமலே நடந்தேன்.

"முழங்கால்ல அந்தப் பழைய வலி எப்படி இருக்கு மாமா?"

"பரவாயில்ல."

"பாத்துப் போங்க. நீலத்தைப் பாத்துப் போங்க."

நான் போனேன்.

அவன் பேசிக்கொண்டே வந்தான். கோபமெல்லாம் போய்விட்டது என்றான். அக்காவிடம்கூடச் சொல்லிவிட்டேன் என்றான். தப்பு என்னுதுதானே மாமா என்றான். நான் நடந்தால் குரலும் நடந்தது. நான் நின்றால் குரலும் நின்றது. எப்போதும் சரியாக ஒரு வளைவு பின்னால்.

எப்போது உறைத்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இருமல் வந்தது. இருமினேன். என் இருமல் இரண்டு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

அவன் குரல் திரும்பி வரவில்லை.

இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு வார்த்தைக்குக்கூட எதிரொலி இல்லை.

டப்பாச் சத்தமும் இல்லை.

மணலில் செருப்புச் சத்தமும் இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். 4:41.

நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் நடந்தது முந்நூறு அடி இருந்தால் அதிகம். சுவர்கள் இரண்டும் என் தோளை உரசிக்கொண்டிருந்தன. பாதையில் இவ்வளவு குறுகலான இடமே கிடையாது. நான் குருட்டு இடுக்குக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

மரத் தடுப்பைத் தாண்டிய ஞாபகமே இல்லை.

"ஏன் மாமா நின்னுட்டீங்க?"

இப்போது குரல் முன்னால் இருந்தது.

எனக்கு முன்னால் பத்தடியில் ஒரு வளைவு. அதற்கப்பால் கொஞ்சம் வெளிச்சம். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. காற்று வருகிறது என்றால் அங்கே மலைமுகம். அங்கே தரை கிடையாது.

"இங்க வாங்க மாமா. இங்க வெளிச்சமா இருக்கு."

வளைவின் ஓரத்தில் ஒரு கை வந்தது.

முழங்கால் உயரத்தில்.

உள்ளங்கை மேலே பார்த்தபடி. விரலெல்லாம் நீலம். மணிக்கட்டு வரை நீலம்.

"கையக் குடுங்க மாமா."

அப்போதுதான் விசில் கேட்டது. இரண்டு தடவை. பின்னாலிருந்து. எங்கோ உயரத்திலிருந்து. எதிரொலியோடு.

கை அசையவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் வேகமாக வந்தது.

"அது நான் இல்ல மாமா."

நான் பின்னால் நகர்ந்தேன்.

"அது நான் இல்ல மாமா. அது நான் இல்ல மாமா. அது நான் இல்ல மாமா..."

மூச்சு விடாமல். ஒரே சுருதியில்.

இடுக்கில் திரும்ப இடமில்லை. பின்னாலேயே நடந்தேன். ஒரு பாறை முனை முழங்காலைக் கிழித்தது. வலி தெரியவில்லை. அந்தக் கை பாறையின் ஓரத்தைப் பிடித்தது. அதற்குக் கீழே இன்னொரு கை. அதற்குக் கீழே, மணலோடு மணலாக, இன்னொன்று. சின்னக் கை.

அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

5:18க்குப் பிரிகிற இடத்துக்கு வந்து விழுந்தேன். மரத் தடுப்பு அப்படியே நின்றது. நான்கு போல்ட்டும் இருந்தன. நான் ஏறும் முன் மேல்கட்டையில் படிந்திருந்த தூசியில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் மேல் ஏறித்தான் இந்தப் பக்கம் வந்தேன். இப்போது வந்த தடம் இருந்தது. உள்ளே போன தடம் இல்லை.

விசில் ஊதினேன். இரண்டு தடவை.

பதில் இல்லை.

கால் வெளியே ஓடு என்றது. ஆனால் அவனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என் மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன்? நொண்டிக்கொண்டே திரும்பி நடந்தேன். மூன்றாவது சதுரத்துக்குக் கீழே டப்பா இருந்தது. மூடி இறுக்கி மூடியிருந்தது. பிரஷ் துடைத்து அதன் மேல் வைத்திருந்தது. அவன் இல்லை. அங்கேயிருந்து பாறையின் உச்சிக்கு ஓர் இரும்பு ஏணி போகிறது. பராமரிப்பு ஆட்கள் மட்டும் ஏறுவது. அதன் இரண்டாவது படியில் அவன் கையுறை தொங்கியது.

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

5:52. உச்சி. வெறும் பாறைத் தளம். ஆங்காங்கே குட்டை மரம். வெளிச்சம் கடைசி மூச்சில் இருந்தது.

அவன் இருந்தான். ஐம்பதடி தூரத்தில். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தான். மலைமுகத்தின் விளிம்பை நோக்கி.

சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

"விடுங்க மாமா. பரவாயில்ல. நீங்க இவ்வளவு சொன்னதே போதும்."

அவனுக்கு விளிம்புக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

என் குரலில்.

"இல்லடா சின்னவா. தப்பு முழுக்க என்னோடது. என்ன மன்னிச்சிடு. வா. கையக் குடு."

என் குரலை நான் அப்படி வெளியிலிருந்து கேட்டதில்லை. நான் பேசினால் இருப்பதை விட அது நன்றாக இருந்தது. அவ்வளவு அன்பு. அவ்வளவு கனிவு.

"டேய்" என்று கத்தினேன். "நில்லு. அது நான் இல்ல."

அவன் நின்றான். திரும்பவில்லை.

"அது நான் இல்லடா" என்றது விளிம்பு. அமைதியாக. "நான் இங்க இருக்கேன்."

அவன் இன்னும் இரண்டு அடி வைத்தான். விளிம்புக்கு நாலு அடி இருந்திருக்கும்.

ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. கால் வராது. என்ன சொன்னாலும் அது என் குரலிலேயே அதைவிட இனிமையாகச் சொல்லும். அது என்னவெல்லாம் சொல்லும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொல்லாது என்றும் தெரிந்தது.

"ஏணியப் பாக்காமலே கையெழுத்துப் போட்டவன்தானடா நீ" என்றேன்.

அவன் தோள் இறுகியது.

"நான் எழுதிக் குடுத்தது சரி. நாளைக்கும் அப்படித்தான் எழுதுவேன். ஒரு குழந்தை அந்த ஏணியில ஏறியிருந்தா செத்திருக்கும். உன்கிட்ட நான் ஏன்டா மன்னிப்புக் கேக்கணும்? கேக்க மாட்டேன். அந்தப் பொண்ணு வீட்ல வேண்டாம்னு சொன்னாங்கன்னா அதுக்குக் காரணம் நீ. நான் இல்ல."

எனக்கே அந்த வார்த்தைகள் கசந்தன.

அவன் திரும்பினான்.

அந்த முகத்தை மறக்க முடியாது. அவ்வளவு வெறுப்பு. விளிம்பை விட்டு என்னைப் பார்த்து வந்தான். முதலில் நடந்து. அப்புறம் ஓடி. வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தான். அடிக்கக் கையை ஓங்கினான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

என் முழங்காலைப் பார்த்தான். ரத்தத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

பின்னால் விளிம்பில் என் குரல் இன்னும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"வாடா."

"வாடா சின்னவா."

"வா."

கடைசி வார்த்தை என் குரலாக இல்லை. யாருடைய குரலாகவும் இல்லை.

அவன் என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். ஏணியில் இறங்கவில்லை. உச்சி வழியாகவே சுற்றிக்கொண்டு, பாதி தூரம் என்னைச் சுமந்துகொண்டு வந்தான். பின்னால் பாறைக்குக் கீழே, எங்கள் காலுக்கு நேர் கீழே, ஏதோ எங்களோடு கூடவே வந்தது. உரசுகிற சத்தம். நாங்கள் நின்றால் நின்றது. காட்டின் ஓரம் வந்ததும் அது விட்டுவிட்டது.

7:15க்கு வண்டிக்கு வந்து சேர்ந்தோம்.

மருத்துவமனைக்கு அவன்தான் வண்டியை ஓட்டினான். வழியில் பேச்சை ஆரம்பித்ததும் அவன்தான். மூன்றாவது சதுரத்தில் நிற்கும்போது நான் மேலேயிருந்து கூப்பிட்டேனாம். மேலே வா, உன்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேனாம். உச்சியில் நான் கண்ணில் படவில்லையே என்று சந்தேகப்பட்டு விசில் ஊதியிருக்கிறான். "பக்கத்துலதான இருக்கேன், விசில் எதுக்குடா?" என்று என் குரல் சிரித்ததாம்.

"அந்தக் குரல்ல நீங்க மன்னிப்புக் கேட்டீங்க" என்றான்.

"நான் கேக்கல."

"தெரியும்." வண்டியை ஒரு வளைவில் திருப்பினான். "அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

அதில் சிரிப்பு இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இருட்டில் தெரியவில்லை.

அடுத்த வாரமே அவன் வேலையை விட்டுவிட்டான். வேறு ஊரில் ஒரு கிடங்கில் வேலை. வாரம் ஒரு தடவை அக்காவுக்குப் போன் செய்வான். என்னிடமும் இரண்டு வார்த்தை பேசுவான். ஒரு நாள், பழைய பழக்கத்தில், "மாமா" என்று ஆரம்பித்தான். என் கையிலிருந்து போன் நழுவிக் கீழே விழுந்தது. அதற்கப்புறம் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அவனும் சரி என்றான். இப்போது நாங்கள் ஒருவரையொருவர் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நான் எழுதிய அறிக்கையில் நீலம் பூசியவன் யாரோ வெளியாள் என்று மட்டும் எழுதினேன். அதைப் பார்த்து மேலதிகாரி, குருட்டு இடுக்கையும் அது திறக்கிற மலைமுகத்தையும் சோதிக்கச் சொல்லிக் கயிற்றில் இறங்கும் மீட்புக் குழுவை அனுப்பினார். பதினோரு நாள் கழித்துப் போனார்கள். அந்தக் குழுத் தலைவர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். அதிகம் பேசாத மனிதர். திரும்பி வந்த அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க சொன்ன நீலம் எங்கயும் இல்ல" என்றார். "உள்ளயும் இல்ல. மேலயும் இல்ல. ஒரு பொட்டுகூட இல்ல."

"வேற?"

அவர் கதவைச் சாத்தினார்.

"இடுக்கு திறக்கிற வாய்க்குக் கீழ, ஆறடி ஆழத்துல ஒரு பாறைத் திட்டு இருக்கு. உள்ள இருந்து விழுந்தாலும் மேல இருந்து விழுந்தாலும் அதுலதான் வந்து விழணும். கயிறு இல்லாம யாரும் அங்க போக முடியாது. திட்டு பூரா ஈர மணல். அதுல கால் தடம்."

"எத்தனை பேரோடது?"

"எண்ணல. திட்டு முழுக்க இருந்துச்சு. தோளோட தோள் ஒட்டிக்கிட்டு நின்னாதான் அப்படிப் பதியும். பெருசு, சின்னது, எல்லாம் இருந்துச்சு. எல்லாம் வெறுங்கால். எல்லாம் பாறையப் பாத்து. குதிகாலே பதியல. விரல் மட்டும் ஆழமாப் பதிஞ்சிருந்துச்சு. எக்கி நின்னு, மேல கைய நீட்டுறவங்க நிப்பாங்களே, அப்படி."

"எங்க இருந்து வந்த தடம்?"

"வந்த தடமும் இல்ல. போன தடமும் இல்ல. நின்ன தடம் மட்டும்தான்."

இதை அறிக்கையில் எழுதவில்லை என்றார். தண்ணீர் கேட்டார். முழுவதும் குடித்தார். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"நடுவுல மட்டும் கொஞ்சம் இடம் காலியா விட்டிருந்தாங்க" என்றார்.

"எவ்வளவு இடம்?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"ரெண்டு பேர் நிக்கலாம்."